நான் வாசித்த இங்கிலீஷ் காகிதம்

தம்பிக்கு,

ஒவ்வொரு கடிதத்தையும் இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதித்தான் தொடங்குவேன். இன்றைக்கு அந்த வரியை எழுதக் கை வரவில்லை. உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. உன் ஆபீசில் ஒரு கிளார்க் வேலை காலியாக இருக்கிறது, அதற்கு நம் பக்கத்திலிருந்து ஒருவன் மனுப் போட்டிருக்கிறான், நீ அதே தாலுகாக்காரன் என்பதால் மேனேஜர் உன்னைக் கூப்பிட்டு அவன் குடும்பம் எப்படிப்பட்டது, நம்பி வேலை கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். மனுவில் தகப்பன் பெயரைப் பார்த்ததும் உனக்கு உடம்பெல்லாம் எரிந்தது என்று எழுதியிருக்கிறாய். ஆலங்குடித் தபாலாபீசுக்கு எதிரில் உட்கார்ந்து இங்கிலீஷ் காகிதம் வாசித்துச் சொல்வாரே, அந்தக் குமாஸ்தாவின் மகன். உன் அண்ணன் சாகக் கிடந்த சேதியை நல்ல சேதி என்று மாற்றிச் சொன்னவரின் மகன். "அவனுக்கு அந்த வேலை கிடைக்காது ஆத்தா. திங்கட்கிழமை மேனேஜரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவேன். ஏழு வருஷம் கழித்து அண்ணனுக்கு நம்மால் ஆனது இது" என்று எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்திருக்கிறாய்.

திங்கட்கிழமை நீ வாய் திறப்பதற்கு முன்னால் இது உன் கைக்கு வரவேண்டும். அதனால் தபாலை நம்பாமல், நாளை பஸ்ஸில் திருச்சிக்கு வருகிற உன் மாமா மகனிடம் கொடுத்தனுப்புகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் மடித்து வைக்காமல் கடைசிவரை வாசி. அந்தக் காகிதத்தை அன்றைக்குக் குமாஸ்தா வாசிக்கவில்லை. அவர் கண்ணில்கூட அது படவில்லை. நல்ல சேதி என்று சொன்னது நான். நீயும் உங்க அய்யாவும் அவரை என்ன செய்தீர்களோ, அதெல்லாம் எனக்கு நடந்திருக்க வேண்டியது.

நான் அஞ்சாவது பாஸ். இந்த ஊரில் அதை அறியாதவர்கள் கிடையாது, ஏனென்றால் நான் சொல்லாமல் விட்ட ஆள் கிடையாது. என் வயதுப் பெண்பிள்ளைகளில் கையெழுத்துப் போடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆறாவதுக்கு என் அய்யா அனுப்பவில்லை. அழுது பார்த்தேன். மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்து அழு என்றார். தண்ணி காட்டிவிட்டு வந்தபோது அழுகை நின்றுபோயிருந்தது, ஆசை நிற்கவில்லை. உங்கள் இருவரையும் புதுக்கோட்டைக்கு அனுப்பி ஹைஸ்கூல் படிக்க வைக்க வேண்டும் என்று உங்க அய்யாவோடு நான் மல்லுக்கு நின்றது உங்களுக்காக மட்டும் என்று இத்தனை நாள் சொல்லி வந்திருக்கிறேன். அது பாதி நிஜம். நீங்கள் கொண்டுவருகிற புத்தகங்களை நானும் தொட்டுப் பார்க்கலாம் என்பது மீதி.

உன் அண்ணன் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த அந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். விதைக்கடலை உடைக்கிற நாட்களில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். பழைய காலண்டர் அட்டையைச் சதுரம் சதுரமாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு இங்கிலீஷ் எழுத்தை மையால் எழுதி, பிஸ்கட் தகரப் பெட்டியில் போட்டு வைத்திருந்தான். இருபத்தாறு எழுத்தையும் ஒரே வாரத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்தான். அதற்கப்புறம் அவனுடைய விளையாட்டு தொடங்கியது. சொளகில் கடலைப்பருப்பை ஒதுக்கிவிட்டு ஐந்து அட்டைகளை வரிசையாக வைப்பான். ஸ்லேட் என்பான், நீங்கள் எழுதிய அதே சிலேட்டு. பிறகு சொளகை ஒரு தட்டுத் தட்டுவான், அட்டைகள் கலைந்துபோகும். ஒன்றையும் எடுக்கமாட்டான், ஒன்றையும் சேர்க்கமாட்டான், இடத்தை மட்டும் மாற்றி வைப்பான். ஸ்டேல் என்றால் ஊசிப்போனது. ஸ்டீல் என்றால் திருடுவது. லீஸ்ட் என்றால் எல்லாவற்றிலும் குறைந்தது. டேல்ஸ் என்றால் கதைகள். இதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கே தெரியும் ஆத்தா என்று சொல்லிவிட்டு, வாத்தியார்களுக்கும் தெரியாத இரண்டை வைப்பான். டீல்ஸ் என்றால் மழைக்காலத்தில் நம் கண்மாயில் வந்து இறங்குகிற குட்டை வாத்து. ஸ்டீலா என்றால் எழுத்து வெட்டி நட்ட கல், நம் சிவன் கோயில் வாசலில் சாய்ந்து கிடக்கிறதே, அந்த மாதிரி. ஐந்தே அட்டையில் ஏழு வார்த்தை. நான் ஒவ்வொன்றும் எப்படி நிற்கிறது என்று கோலம் மாதிரி மனதில் பிடித்துக்கொண்டேன்.

ஒரு நாள் ஏழு அட்டை வைத்து கிராண்டீ என்றான். ஸ்பெயின் என்கிற தேசத்தில் பெரிய பிரபுவுக்கு அப்படிப் பெயராம். தட்டிக் கலைத்தால் கிரனேட், கையால் எறிகிற வெடிகுண்டு. இன்னொரு தட்டுத் தட்டினால் டிரேஞ்ச், புத்தி பேதலிக்கச் செய்வது. மண்வெட்டியோடு உள்ளே வந்த உங்க அய்யா நின்று கேட்டுவிட்டு, "பிரபுவையும் குண்டையும் பைத்தியத்தையும் ஒரே எழுத்துக்குள்ள அடக்கிட்டானா வெள்ளைக்காரன், வெவரமான ஆளுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். நீ மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டாய். "வாத்துக்கு இங்கிலீஷ் சொல்றியே ஆத்தா, கோழிக்குச் சொல்லு பாப்போம்" என்று ஒரு தடவை மடக்கினாய். எனக்குத் தெரியவில்லை. கோழியில் கலைத்து விளையாட ஒன்றும் இல்லை என்று உன் அண்ணன் அதைச் சொல்லித்தரவில்லை. தெரியாது என்று சொல்லாமல், போடா, கோழிக்கு என்ன இங்கிலீஷ் வேண்டிக்கிடக்கு என்று உன்னைத் துரத்திவிட்டேன். எல்லாரும் சிரித்தீர்கள். அன்றைக்கே நீ என்னைச் சரியாகப் பிடித்துவிட்டாய், தம்பி. எனக்கு வந்த இங்கிலீஷ் முழுக்க அந்தச் சொளகில் கிடந்ததுதான். நாற்பது ஐம்பது வார்த்தை, யாருக்கும் எந்த அவசரத்துக்கும் உதவாத வார்த்தை. காய்ச்சல், ஆஸ்பத்திரி, உடனே வா என்பதற்கெல்லாம் இங்கிலீஷில் என்ன என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஊருக்குள் நான் இங்கிலீஷ் படிக்கிறவள். தண்ணிக்குப் போகிற இடத்தில் டீல்ஸ், ஸ்டீலா என்று சொல்லி அர்த்தமும் சொல்வேன். சனங்கள் வாயைப் பிளந்து கேட்டால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டியிருக்காது.

கடைசியாக அவன் வைத்தது ஆறு அட்டை. லிசன், காது கொடுத்துக் கேட்பது. சைலண்ட், பேசாமல் இருப்பது. டின்சல், ஜிகினா. இன்லெட்ஸ், கடல் நிலத்துக்குள் நுழைகிற சின்னச் சின்ன வாய்கள். இன்னொரு தடவை தட்டிவிட்டு, மெதுவாக அடுக்கி, என்லிஸ்ட் என்று வாசித்தான். அர்த்தம் சொல்லவில்லை. நானே கேட்டேன்.

"பட்டாளத்துல பேரு குடுக்குறது ஆத்தா" என்றான். பிறகு சொளகைப் பார்த்துக்கொண்டே, "நான் குடுத்துட்டேன்" என்றான்.

உன் அண்ணிக்கு அப்போது கல்யாணமாகி ஐந்து மாதம். சண்டை நடக்கிற காலம். உங்க அய்யா கத்தினார், உன் அண்ணி அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை. கிளார்க் வேலைதான், துப்பாக்கி தூக்கவேண்டியதில்லை என்று எல்லாரையும் சமாதானப்படுத்தினான். போகும்போது பிஸ்கட் பெட்டியை என்னிடம் கொடுத்து, நான் லீவில் வரும்போது பரீட்சை வைப்பேன் என்றான். ஒரே ஒரு தடவைதான் லீவில் வந்தான்.

நான் அவனுக்குத் தமிழில்தான் கடிதம் எழுதுவேன். அடியில் மட்டும் எனக்குத் தெரிந்த வார்த்தைகளை இங்கிலீஷில் வரிசையாக எழுதி அனுப்புவேன். அதை அங்கே கூட இருக்கிறவர்களிடம் காட்டுவானாம். ஒரு கடிதத்தில், "சர்க்கார் காகிதம் வந்தால் இன்னும் குமாஸ்தாவிடம்தான் போகிறீர்களா ஆத்தா?" என்று கேட்டிருந்தான். அதற்கு முன் பட்டாளத்திலிருந்து டைப் அடித்த காகிதம் இரண்டு தடவை வந்திருந்தது, இரண்டையும் குமாஸ்தாதான் வாசித்துச் சொன்னார். ஆனாலும் நான், "போவதில்லையப்பா, எல்லாம் நானே வாசித்துக்கொள்கிறேன்" என்று எழுதிவிட்டேன். அவன் சந்தோஷப்படுவானே என்றுதான். அப்படிப்பட்ட பொய்க்குக் கெடுதல் ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். எந்தப் பொய்யும் சொல்கிறபோது கெடுதல் இல்லாததாகத்தான் தெரியும். நீயும் பிள்ளை வளர்க்கப் போகிறவன், அதனால் எழுதுகிறேன்.

குமாஸ்தா வேலை செய்கிற விதத்தை நீ கவனித்திருக்கமாட்டாய். காகிதத்தை வாங்கியதும் முதலில் தேதியைப் பார்ப்பார். பிறகு அடியில் இருக்கிற கையெழுத்து. பிறகு மனதுக்குள் ஒரு தடவை முழுக்க வாசிப்பார். அந்த நேரத்தில் நல்லதா கெட்டதா என்று கேட்டால் தலையை நிமிர்த்தமாட்டார், முகத்திலும் ஒன்றும் காட்டமாட்டார். அப்புறம்தான் வரி வரியாகத் தமிழில் சொல்வார். கூட ஒரு வார்த்தை சேர்க்கமாட்டார், வருத்தப்படுவார்களே என்று ஒரு வார்த்தையை விழுங்கவும் மாட்டார். முடித்ததும் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து, இரண்டு கையாலும் நீட்டி, "பதில் எழுதணுங்களா?" என்று கேட்பார். எந்தச் சேதியாக இருந்தாலும், யாராக இருந்தாலும், அந்த ஒரே கேள்வி. கொடுப்பதை வாங்கிக்கொள்வார். நான் கடலை கொண்டுபோவேன், ஒரு தடவை பூசணிக்காய்.

அந்தப் பழுப்புக் கவர் வந்த நாளில் நாங்கள் களத்தில் இருந்தோம். பத்துப் பன்னிரண்டு பெண்கள் செடியிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். உன் அண்ணி ஆறு மாதக் கர்ப்பம், பனையோலை நிழலில் உட்கார்த்தி வைத்திருந்தேன். தபால்காரர் தூரத்திலேயே, "பட்டாளத்துக் கவருங்க, தந்தி இல்லை, பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நம் பக்கத்தில் அப்படித்தானே, கெட்டது என்றால் தந்தி, கவர் என்றால் நல்லது. முன்னால் வந்த இரண்டு கவரும் நல்ல சேதியாகவே இருந்தன. அவர் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கடலை ஆய்கிறவர்களில் ஒருத்தி, நமக்கென்ன ஆலங்குடிக்கா ஓடணும், ஆத்தாதான் இருக்காகளே, வாசிக்கட்டும் என்றாள். அவள் கிண்டலாகச் சொன்னாளா நிஜமாகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எல்லாரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

பிரித்தேன். உன் அண்ணன் பெயர் இருந்தது, நம்பர் இருந்தது. நான் என் வார்த்தைகளைத் தேடினேன். ஒரு வரி விடாமல் தேடினேன். அதில் வாத்து இல்லை, கல் இல்லை, பிரபு இல்லை. எனக்குத் தெரிந்த ஒன்றுகூட அந்தக் காகிதத்தில் இல்லை. அடியில் யாரோ பேனாவால் நாலு வரி எழுதியிருந்தார்கள், அது அதைவிடப் புரியவில்லை. தலையை நிமிர்த்தியபோது உன் அண்ணியின் முகம் எதிரில் இருந்தது.

"நல்லா இருக்கானாம். லீவு கேட்டிருக்கானாம், சீக்கிரம் வந்துருவானாம்" என்றேன்.

இன்றைக்கு யோசித்தால், எனக்குப் புரியவில்லை, நாளைக்குக் காட்டிக் கேட்போம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். சிரித்திருப்பார்கள். ஒரு வாரம் என் பெயரை இழுத்திருப்பார்கள். அவ்வளவுதான் அதற்கு விலை.

உங்க அய்யா சாயங்காலம் வந்து கேட்டுவிட்டு, நான் வாசித்ததில் நம்பிக்கை இல்லை என்று சொல்லாமல், "எதுக்கும் நாளைக்குச் சந்தைக்குப் போறப்ப குமாஸ்தாகிட்டயும் காட்டிட்டு வந்துரு" என்றார். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன், சத்தியமாக. காகிதத்தைச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு போனேன். தபாலாபீசுக்கு எதிரில் அவர் பெஞ்சைச் சுற்றி ஏழெட்டுப் பேர். அதில் முன்தினம் களத்தில் இருந்தவள் ஒருத்தி, ஏதோ பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு முறைக்குக் காத்திருந்தாள். குமாஸ்தா எப்போதும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் வாசிப்பார். அவர் வேறு எதையாவது வாசித்துவிட்டால் அவள் காதில் விழும், விடிவதற்குள் ஊர் முழுக்கத் தெரியும். லீவு என்று சொன்னேன், சம்பளம் என்று இருந்தால்? அப்படித்தான் ஓடியது என் புத்தி. சாவு என்று ஒரு கணமும் தோன்றவில்லை. நான் உப்பும் கருவாடும் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் உங்க அய்யா கேட்டார். "காட்டினேன், அவரும் அதேதான் சொன்னாரு" என்றேன். அந்த ஒரு வாக்கியம்தான், தம்பி. அதற்கப்புறம் நான் பொய் சொல்லவேண்டிய அவசியமே வரவில்லை, பேசாமல் இருந்தாலே போதுமாக இருந்தது.

உன் அண்ணி மறுநாளே அரிசியை ஊறவைத்து, மாவு இடித்து, வெல்லப்பாகு காய்ச்சி ஊற்றி, அதிரசத்துக்கு மாவு பிசைந்து பானையில் வைத்தாள். அது வைக்க வைக்கப் பக்குவப்படும், அவன் வருகிற அன்றைக்குச் சுடலாம் என்றாள். தினமும் பானை வாய்த்துணியை அவிழ்த்து மோந்து பார்ப்பாள். இருபத்திரண்டு நாள். இருபத்திரண்டாம் நாள் தபால் மாஸ்டரே தந்தியை எடுத்துக்கொண்டு நேரில் வந்தார். வடக்கே ஒரு பட்டாள ஆஸ்பத்திரியில், காய்ச்சலில், முன்தினம் விடியற்காலையில். வாசித்துவிட்டு, முன்னாடி ஒரு லெட்டர் அனுப்பியிருக்காங்களே, அதுல வெவரமெல்லாம் இருந்திருக்குமே என்று அவர்தான் கேட்டார். உங்க அய்யா என் பக்கம் திரும்பவில்லை. வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு, குமாஸ்தா இதையா நல்ல சேதின்னு சொன்னான் என்றார். நான் அப்போது சொல்லியிருக்கலாம். அழுதுகொண்டிருந்தேன், அழுகையை ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன்.

ஆலங்குடியில் நடந்தது நீ வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். உனக்கு அப்போது பதினெட்டு வயது. அப்படி ஒரு காகிதம் என்னிடம் வரவே இல்லைங்களே என்று அவர் ஒரே ஒரு தடவை சொன்னாராம். "அப்ப என் பொண்டாட்டி பொய் சொல்றாளா?" என்று உங்க அய்யா கேட்டதும் அவர் வாயை மூடிக்கொண்டாராம். உங்க அய்யா அத்தனை பேர் முன்னால் அவரைக் கன்னத்தில் அறைந்தார். நீ மைக்கூட்டை எட்டி உதைத்தாய். வெள்ளை வேட்டி முழுக்க மை என்று நீ சொன்னபோது உன் குரலில் ஒரு திருப்தி இருந்தது. நான் அடுப்படியில் நின்று கேட்டேன். அந்தக் காகிதம் வீட்டில் எங்கேயும் காணவில்லை, தப்பு தெரிந்து அவனே வாங்கிக் கிழித்திருப்பான் என்று நீங்கள் இருவரும் பேசிக்கொண்டீர்கள். அது பிஸ்கட் பெட்டியில், அட்டைகளுக்கு அடியில் இருந்தது.

அதற்கப்புறம் அவரிடம் யாரும் காகிதம் கொண்டுபோகவில்லை. பெத்த பிள்ளை சாகிறதை மாத்திச் சொன்னவர்கிட்ட எதை நம்பிக் கொடுப்பது என்றார்கள். இரண்டு மாதத்தில் பெஞ்சு காலியாகிவிட்டது. உங்க அய்யா இறந்தபோது தெருக்கோடி இருட்டில் முகம் தெரியாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒருவர் நின்றுவிட்டுப் போனாரே, நீ கேட்டாய், யாரென்று தெரியவில்லை என்றேன். அவர்தான். உங்க அய்யாவிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை. அவர் அந்தக் கோபத்தோடே போய்ச் சேர்ந்தார். அதை இனி என்னால் சரிசெய்ய முடியாது.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு வியாழக்கிழமை முழுக்க ஒன்றும் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் உன் அண்ணியிடம் முதலில் சொன்னேன். அவள் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை. "அன்னைக்கு நான் மாவு இடிச்சேன்" என்றாள். மத்தியானம் எனக்குச் சோறு போட்டாள். ஏழு வருஷமாகப் போதுமா அத்தை என்று கேட்காமல் அவள் கரண்டியை வைத்ததில்லை. நேற்றும் இன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. பாப்பா மட்டும் ஒன்றும் தெரியாமல் பிஸ்கட் பெட்டியைத் தூக்கி வந்து, அட்டையை நடையில் பரப்பி, இது என்ன அப்பத்தா, அது என்ன அப்பத்தா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாம் வகுப்பில் அவள்தான் முதல். அவளைப் பற்றி நான் பெருமை பேசாத வீடு இந்த ஊரில் இல்லை, அதை இனியும் விடப்போவதில்லை. ஆனால் அவள் ஒரு வார்த்தையைக் காட்டி அர்த்தம் கேட்டபோது, எனக்குத் தெரியாது பாப்பா, உங்க டீச்சரைக் கேளு என்றேன். அவளிடம் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அடுத்த அட்டைக்குப் போய்விட்டாள்.

நீ திங்கட்கிழமை செய்யவேண்டியது இது. மேனேஜர் கேட்டால், அந்தப் பையனை எனக்குத் தெரியாது, அவன் தகப்பனாரைத் தெரியும், இருந்ததை இருந்தபடி சொல்லுகிற மனிதர், அவர் மேல் வீண்பழி போட்டு அடித்த குடும்பம் எங்களுடையது என்று சொல். உனக்கு அதைச் சொல்ல வாய் வராவிட்டால் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடு. இது நீ மட்டும் வாசிப்பதற்கு எழுதியதில்லை. அந்தப் பையனிடமும் காட்டு. இங்கே சொல்லவேண்டியவர்களுக்கு நான் வருகிற சந்தை நாளில் தபாலாபீஸ் வாசலில் நின்று சொல்லப்போகிறேன். ஆத்தாவாச்சே என்று என்னைக் காப்பாற்றப் பார்க்காதே. அப்படித்தான் உங்க அய்யா என்னைக் காப்பாற்றினார், அந்த அடி குமாஸ்தா கன்னத்தில் விழுந்தது.

நேற்று உன் அண்ணியிடம் சொன்ன கையோடு ஆலங்குடிக்குப் போனேன். குமாஸ்தா வீட்டு வாசலில் அவர் சம்சாரம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், வாங்க என்று சொல்லவில்லை, சொளகை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். குமாஸ்தா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கண் சரியாகத் தெரியவில்லை. யாரு என்றார். உங்க அய்யா பெயரைச் சொல்லி, அவர் வீட்டில் என்றேன். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "உக்காருங்க" என்றார். உன் ஆபீசைப் பற்றியும் அவர் மகன் மனுவைப் பற்றியும் நான் மூச்சு விடவில்லை. சொன்னால் அதற்காக வந்தது போல் ஆகிவிடும்.

"ஒரு காகிதம் வாசிக்கணுங்க" என்றேன்.

தலைமாட்டில் இருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார். முதலில் தேதியைப் பார்த்தார். கை நின்றுவிட்டது. நான் இருக்கிற திசையில் முகத்தைத் திருப்பினார்.

"அன்னைக்கு ஒங்ககிட்ட இதைக் கொண்டாரலைங்க. கொண்டாந்து காட்டினேன்னு வீட்டுல சொல்லிட்டேன்" என்றேன்.

"தெரியுங்க" என்றார்.

அதற்கப்புறம் கையெழுத்தைப் பார்த்தார். மனதுக்குள் ஒரு தடவை வாசித்தார். அன்றைக்குக் காலையில்தான் தபாலில் வந்தது போல, அதே குரலில், வரி வரியாகச் சொன்னார். உங்கள் மகன் எங்கள் ஆஸ்பத்திரியில் கடுமையான காய்ச்சலோடு சேர்க்கப்பட்டிருக்கிறார். நிலைமை ஆபத்தாக இருக்கிறது. நெருங்கிய சொந்தக்காரர் ஒருவர் வந்து கூட இருக்க அனுமதி உண்டு. இந்தக் கடிதத்தை ரயில்வே ஸ்டேஷனில் காட்டினால் பயணத்துக்கு ஏற்பாடு செய்து தருவார்கள். அவ்வளவும் டைப் அடித்தது. அடியில் பேனாவால் எழுதியிருந்ததற்கு வந்தபோது கண்ணாடியை ஒரு தடவை துண்டால் துடைத்துக்கொண்டார். அது அங்கிருந்த நர்ஸ் எழுதியதாம். நோயாளி நினைவோடு இருக்கிறார். தந்தி கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார். தந்தி என்றால் அவருடைய தாயார் பயந்துவிடுவாராம். கடிதமாக அனுப்பினால் அவரே வாசித்துக்கொள்வாராம். அவருக்கு இங்கிலீஷ் தெரியும் என்று சொல்லச் சொல்கிறார்.

ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. ஒன்றையும் விழுங்கவும் இல்லை. அவர் அப்படி வாசிக்கிறவர்தான். ஏழு வருஷத்துக்கு முன் அந்தப் பெஞ்சுக்கு முன்னால் நான் நின்றிருந்தால் இதே குரலில் இதைக் கேட்டிருப்பேன். கேட்டுவிட்டு அன்றைக்கே ரயிலேறியிருப்பேன். வடக்கே போய்ச் சேர ஐந்து நாள், ஆறு நாள். அவன் இருபத்தொரு நாள் இருந்தான்.

குமாஸ்தா காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். மடிப்பை விரலால் தடவித் தேடியதால் நேரமானது. இரண்டு கையாலும் நீட்டினார்.

"பதில் எழுதணுங்களா?" என்றார்.

எழுதணுங்க, நானே எழுதிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதுதான் அந்தப் பதில்.

உன் ஆத்தா